பனிமூட்டத்தில் ரோஜாப்பூ பேண்டு

காலை ஆறு பத்து. அந்த நேரத்தை எங்கள் அத்தா கடைசிவரை மறக்கவில்லை. சுபுஹுத் தொழுதுவிட்டு வந்தவர், சமையல்காரர்களை இன்னும் காணோமே என்று கொல்லையில் நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். அதே நிமிடம் அவர் முதுகுக்குப் பின்னால், வாடகை அண்டாக்களுக்கும் விறகுக் குவியலுக்கும் நடுவில் புகுந்து, படலை முழங்கையால் தள்ளிக்கொண்டு நான் வெளியே போய்விட்டேன்.

முழங்கையால் தள்ளியதற்குக் காரணம் உண்டு. முந்தைய இரவு வைத்த மருதாணி என் இரண்டு உள்ளங்கைகளிலும் அப்பியிருந்தது. அதன் மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, தூக்கத்தில் அவிழ்ந்துவிடாதபடி மணிக்கட்டில் நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். விரல் என்று ஒன்றுகூட வெளியே தெரியாது. கைகளின் இடத்தில் இரண்டு துணிப் பந்துகள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எண்பதுகளின் கடைசி, தை மாதம். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய தெரு எங்களுடையது. கொல்லைப் படலுக்கு அந்தப் பக்கம் பாத்திகள் தொடங்கிவிடும். அன்றைக்கு என் சின்னம்மாவுக்குக் கல்யாணம். அம்மாவின் தகப்பனார் உயிரோடு இல்லாததால், மூத்த மருமகன் என்ற முறையில் எல்லாப் பொறுப்பும் அத்தா தலையில் இருந்தது. அந்தப் பொறுப்புகளில் ஒன்று, பேண்டு வாசிக்கவிடாமல் தடுப்பது.

மாப்பிள்ளை கூனிமேட்டுக்காரர். சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். அவருடைய கூட்டாளிகள் அவரிடம்கூடச் சொல்லாமல் புதுச்சேரியிலிருந்து ஒரு பேண்டு செட்டைப் பேசிவிட்டார்கள். அவர்கள் ஊர் ஜமாஅத்தில் கல்யாணத்துக்கு வாத்தியம் கூடாது. அதனால் பெண் ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் யோசனை. பெண் ஊரிலும் அதே கட்டுப்பாடுதான் என்பதையோ, அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி ஜமாஅத்தில் உரக்கப் பேசுகிற ஆள் பெண்ணின் மச்சானேதான் என்பதையோ அவர்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. வாத்தியச் சத்தம் கேட்டால் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் நிக்காஹ் ஓத வரமாட்டார். அவர் அப்படி ஒரு கல்யாணத்தில் பாதி வழியில் திரும்பிப் போனதை ஊரே பார்த்திருக்கிறது.

முந்தைய நாள் சாயங்காலம் பேண்டு செட் வந்து இறங்கிய செய்தி கேட்டு, அத்தாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் ரோட்டுக்குப் போனார்கள். ஊருக்குள் வரக்கூடாது, ஒரு சத்தம் கேட்கக்கூடாது என்று அத்தா சொல்லியிருக்கிறார். திரும்பிப் போகப் பஸ் இல்லை. உப்பளத்தின் மறுகோடியில், ரோட்டோரமாக இருந்த உப்புக் கொட்டகையில் படுத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் போய்விடுவதாக ஏற்பாடு. சாப்பிடும்போது மாமா அதையெல்லாம் எங்களுக்கு நடித்துக் காட்டினார். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் கலரில் குஞ்சம், ஆள் உயரத்துக்குப் பெரிய டிரம், அதன் தோலில் ரோஜாப்பூப் படம். "ஊதுனா வயிறு அதிரும்," என்றார். அத்தா ஒரு பார்வை பார்த்தார். மாமா குழம்பை ஊற்றிக்கொண்டார்.

நான் அதுவரை பேண்டு பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. டீக்கடையைத் தாண்டும்போது காதில் விழுந்த அரைப் பாட்டுகள்தான் எனக்குத் தெரிந்த சங்கீதம். கேட்க அனுமதி இல்லை என்பதால் கேட்கும் ஆசை எனக்கு வரவில்லை. ஆனால் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. முதல் பஸ் வருவதற்குள் ஓடிப்போய் அந்த ரோஜாப்பூவை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று படுக்கையிலேயே முடிவு செய்திருந்தேன்.

கடைத்தெரு வழியாகச் சுற்றிப் போனால் யாராவது பிடித்து அனுப்பிவிடுவார்கள். உப்பளத்துக்கு நடுவே மாட்டுவண்டி போகிற அகலத்தில் ஒரு பெரிய வரப்பு உண்டு. நேரே போனால் கொட்டகை. பகலில் பலமுறை போன வழி. அன்று மட்டும் பனி கொட்டியிருந்தது. உப்பங்கழியின் மேலிருந்து அது எழும்பி வந்து பாத்தி, வரப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் மூடியிருந்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது எங்கள் முருங்கை மரம் இல்லை. வீடும் இல்லை. இருந்தும் பயப்படவில்லை. வரப்பு காலுக்கடியில் இருந்தது.

நடுவில் ஓரிடத்தில் வரப்பை வெட்டி மடை திறந்திருந்தார்கள். புதுப் பருவத்துக்குப் பாத்திகளை நிரப்ப, கழித் தண்ணீரை உள்ளே விடும் நாட்கள் அவை. தாண்ட முடியாத அகலத்தில் தண்ணீர் ஓடியது. பக்கத்துச் சின்ன வரப்பில் இறங்கி, சுற்றிக்கொண்டு மறுபடியும் பெரிய வரப்பில் ஏறிவிடலாம் என்று நினைத்தேன். மிதித்துப் பதப்படுத்திய களிமண், பனியில் நனைந்து எண்ணெய் தடவியதுபோல் இருந்தது. சறுக்கினேன். மடைத் தண்ணீர் போகிற ஓடையின் சரிவில் இடுப்பு வரை போய்விட்டேன். பிடிக்கப் புல் இருந்தது, ஆனால் பிடிக்க எனக்கு விரல்கள் இல்லை. முழங்கைகளை மண்ணில் குத்திக் குத்தி எப்படியோ மேலே வந்தேன். ஒரு கைத் துணி உருவிக்கொண்டு போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த வரப்பில் நின்றேன், முகம் எந்தத் திசையில் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. நான்கு பக்கமும் ஒரே வெள்ளை. கத்தினேன். யாரும் பதில் சொல்லவில்லை.

வீட்டில் அப்போது நடந்தவை மாமா பிற்பாடு பலமுறை சொன்னவை. கையைக் கழுவிவிடலாம் என்று அம்மா என்னைத் தேடியிருக்கிறாள். கல்யாண வீட்டில் பிள்ளைகள் எந்தப் பாயில் புரண்டுகொண்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அளத்தில் வேலை செய்கிற ஒரு அம்மாள் கொல்லை வழியாக ஓடிவந்து, ஓடைக்கரையில் கிடந்தது என்று ஒரு துணியை நீட்டினாள். ஈரத்தில் மருதாணி கரைந்து துணி முழுவதும் சிவப்பு. பார்த்த பெண்கள் அலறிவிட்டார்கள். அம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்தாளாம். "மருதாணிதான்," என்றாளாம்.

அத்தா பள்ளிவாசலுக்கு ஓடினார். பாங்கு சொல்லும் மோதினாரிடம் விஷயத்தைச் சொல்லி, மைக்கில் அறிவிக்கச் செய்தார். அதைவிட வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. அது எனக்கு என்ன செய்யும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவுமில்லை.

எங்கள் ஊரில் பள்ளிவாசல் மைக்கில் ஒரு ஆளின் பெயர் வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அந்த ஆள் மவுத். மோதினார் தொண்டையைச் செருமிவிட்டு சலாம் சொல்வார். இன்ன தெரு, இன்னாருடைய மகன் அல்லது மகள் இன்னார் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார். கேட்டவுடன் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும், இறந்தவருக்காக 'இன்னாலில்லாஹி' என்று ஓத வேண்டும். விளையாட்டை நிறுத்திவிட்டு ஓதிவிட்டு மறுபடியும் விளையாடப் போவோம். அப்படிப் பழக்கியிருந்தார்கள்.

பனிக்குள் அந்தச் செருமல் கேட்டது. சலாம் கேட்டது. எங்கள் தெரு, அத்தாவின் பெயர், அவருடைய மகள், என் பெயர். அதே நிறுத்தல். அதே குரல்.

என் வாய் தானாக ஓதிவிட்டது. எனக்கு நானே ஓதிக்கொண்டேன். அதன் பிறகு மோதினார் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன். பொத்தாமல் இருந்திருந்தாலும் பயனில்லை. மினாராவில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் எதிரெதிர்த் திசையில் கட்டியிருக்கும். பனியில் அந்தச் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. அதை நோக்கி நடந்திருந்தால் கழிக்குள்தான் போயிருப்பேன்.

நான் நடக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஓடையில் சறுக்கியபோதே மவுத்தாகிவிட்டேன் போலிருக்கிறது, எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் பொருந்தியது. பிணத்துக்குச் சுற்றுகிற கஃபன் துணிபோல வெள்ளை. ஆளில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. இனி கபுர்க் குழிக்குள் வானவர்களான இரண்டு மலக்குகள் வந்து கேள்வி கேட்பார்கள் என்று ஓதப் போகும் இடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பதில்கள் எனக்கு மனப்பாடம். வரிசை தப்பக் கூடாதே என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சின்னம்மாவின் கல்யாண பிரியாணி எனக்கு இல்லை என்பது ஞாபகம் வந்தபோதுதான் அழுகை வந்தது. மடைத் தண்ணீர் பாத்தியை நிரப்பி வரப்பின் மேல் ஏறத் தொடங்கியிருந்தது. என் பாவாடை நனைவது தெரிந்தது. மவுத்தான பிறகு நனைந்தால் என்ன என்று எழுந்திருக்கவில்லை.

பள்ளிவாசலிலிருந்து அத்தா திரும்பி வந்தபோது கொல்லையில் ஆண்கள் கூடியிருந்தார்கள். யார் எந்தப் பக்கம் போவது என்று பேச்சு. அப்போதுதான் அம்மா அத்தாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

"அந்த பேண்டுக்காரங்கள வாசிக்கச் சொல்லுங்க."

"என்ன பேசுற நீ?"

"அவ அங்கதான் போயிருக்குறா. நேத்தெல்லாம் அதே பேச்சு. ரோட்டு மேல ஒரே எடத்துல நின்னு அடிக்கட்டும். சத்தத்தப் புடிச்சிக்கிட்டு வந்துடுவா."

கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "அவசரப்படாதம்மா. ஹஜ்ரத்துக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று இழுத்திருக்கிறார்.

"கேட்டுட்டு வாங்க," என்றாளாம் அம்மா. "நான் போறேன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படலைத் தாண்டிவிட்டாள். பனி அவளை வாங்கிக்கொண்டது. யாரும் தடுப்பதற்குள் நடந்துவிட்டது.

அத்தா ஹஜ்ரத்திடம் போகவில்லை. மாமாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கடைத்தெரு வழியாக ரோட்டுக்குப் போனார். பனியால் முதல் பஸ் வந்திருக்கவில்லை. பேண்டுக்காரர்கள் கொட்டகை வாசலில் சுள்ளி கொளுத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். அத்தாவைப் பார்த்ததும் கிளாரினெட் வாசிக்கிற மாஸ்டர் எழுந்து நின்று, "இதோ கெளம்பிட்டோம் பாய். பஸ்சுதான் வரல," என்றாராம்.

"வாசிங்க," என்றார் அத்தா.

"என்னா பாய்?"

"எம் பொண்ணு அளத்துக்குள்ள காணாப் பூட்டா. வாசிங்க. சத்தமா வாசிங்க."

மாஸ்டர் கோட்டு பட்டனைப் போட்டுக்கொண்டே தொழில் வழக்கப்படி கேட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு வாசிக்கிற பாட்டு வேறு, சாவுக்கு வாசிக்கிற பாட்டு வேறு. "எந்தப் பாட்டு பாய்? கல்யாணத்துதா, இல்ல..."

அத்தா பனியின் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமாதான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். "கல்யாணப் பாட்டு வாசிங்கய்யா! இன்னிக்கு எங்க வூட்டுல கல்யாணம்!"

என் முழங்கால் வரை தண்ணீர் வந்திருந்தபோது எங்கோ ஒரு பக்கத்திலிருந்து டிரம் அடித்தது.

முதலில் நெஞ்சில்தான் தெரிந்தது. மாமா சொன்னபடி வயிறும் அதிர்ந்தது. அதன் மேல் ஒரு ஊதல் எழும்பியது, வளைந்து வளைந்து. நான் மலக்குகளுக்குச் சொல்ல வைத்திருந்த பதிலைப் பாதியில் விட்டேன். பேண்டு. எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே எப்படி பேண்டு? பேண்டு கூடாது என்று அத்தா சொல்லியிருக்கிறார். ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். கூடாதது கபுருக்குள் எப்படி வரும்? சொர்க்கத்துக்குள் எப்படி வரும்? நரகத்திலும் இவ்வளவு நன்றாக வாசிக்க விடமாட்டார்கள். அப்படியானால் பேண்டு வாசிக்கிற இடம் உலகம்தான். நான் மவுத்தாகவில்லை.

இவ்வளவு ஒழுங்காக நான் அதற்குப் பிறகு வாழ்க்கையில் எதையும் யோசித்ததாக நினைவில்லை. எழுந்தேன்.

அந்தச் சத்தம் ஒரே இடத்திலிருந்து வந்தது. முகத்தை அதற்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு நடந்தேன். பல்லவி வரும்போது எல்லா வாத்தியமும் சேர்ந்து முழங்கும், டிரம் தெளிவாகக் கேட்கும். அப்போது நடந்தேன். நடுவில் டிரம் அடங்கி, கிளாரினெட் மட்டும் தனியாக இழையும் ஓர் இடம் உண்டு. அது பனிக்குள் எங்கே இருக்கிறது என்று பிடிபடாது. அப்போது நின்றுவிட்டேன். நிற்கும்போது அந்த இழை அறுந்துவிடுமோ, மறுபடியும் டிரம் வராமலே போய்விடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். வரும். ஒவ்வொரு முறையும் வந்தது. பாட்டு முடிந்து மறுபடியும் அதே பாட்டு தொடங்கியது. பல்லவிக்கு நட, சரணத்துக்கு நில். அந்தப் பாட்டை நான் காதால் கற்கவில்லை. காலால் கற்றேன்.

வழியில் இரண்டு தடவை விழுந்தேன். ஒரு பாத்தியில் தொடை வரை தண்ணீர். வலப்பக்கம் போனால் மேடாகத் தெரிந்தது, ஆனால் சத்தம் நேரே இருந்தது. நேரேயே போனேன். முதலில் தெரிந்தது சுள்ளி நெருப்பு. பிறகு அந்த ரோஜாப்பூ. டிரம் தோலின் நடுவே, மாமா சொன்னதைவிடப் பெரிதாக, இரண்டு பச்சை இலைகளோடு இருந்தது. அதை அடிக்கிற ஆள்தான் என்னை முதலில் பார்த்தார். "மாஸ்டர்! புள்ள! புள்ள!" என்று கோலைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்து என்னை அள்ளிக்கொண்டார். பாட்டு நின்றது.

பிற்காலத்தில் அது ஒரு சினிமாப் பாட்டு என்று தெரிந்தது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு டீக்கடையில் சொற்களோடு கேட்டேன். யாரோ ஒருவன் யாரோ ஒருத்தியின் கண்ணைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தான். ஏமாற்றமாக இருந்தது. என் பாட்டில் அவன் எங்கே வந்தான்? எனக்கு அந்தப் பாட்டு ரோஜாப்பூ பேண்டுடைய பாட்டு. வேறு யார் வாசித்தாலும் தாளம் சரியில்லை என்றே தோன்றும். சர்ச் திருவிழாவில் அவர்கள் வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவேன். புதுச்சேரியில் வேலைக்குப் போன புதிதில், முன்பின் தெரியாத ஒருவருடைய சவ ஊர்வலத்தில் சுடுகாட்டுத் திருப்பம் வரை போயிருக்கிறேன். செத்தவருக்கு நான் என்ன உறவு என்று ஒருவர் கேட்டார். பேண்டுக்கு உறவு என்றா சொல்ல முடியும்? இன்றும் அந்த செட் இருக்கிறது. மாஸ்டரின் மருமகன் நடத்துகிறார். என் கணவர் என்னை அவர்களுடைய 'ரசிகர் மன்றத் தலைவி' என்று கேலி செய்வார். இருக்கட்டும்.

கொட்டகை வாசலில் எனக்கு யாரோ ஒரு சிவப்புக் கோட்டைப் போர்த்தினார்கள். ஒருவர் டீயை ஆற்றி ஆற்றி வாயில் ஊற்றினார். மாஸ்டர், "பேரு என்னாம்மா?" என்று கேட்டார். என் பெயரை நான் சொன்னதும், "மைக்குல சொன்னாங்களே அது நீதானா!" என்றார். ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஓய்கிறவரை ஒருவரும் வாசிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு டம்ளர் டீயின் நேரம். அந்த நேரம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பனிக்குள் இருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று போன வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

என் மகள் சென்னையில் படிக்கிறாள். அவளுக்கும் ரசிக்க ஒரு பேண்டு உண்டு. கிட்டார், முடி, புகை எல்லாம் உள்ள பேண்டு. அவர்களுடைய நிகழ்ச்சிக்குப் போயிருந்தவள், நடுவில் எனக்கு போன் செய்து, "அம்மா, இதான் நான் சொன்ன பாட்டு, கேளு," என்று கத்திவிட்டுப் போனைக் கூட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். சமையலறையில் நின்று கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. சரணத்தின் நடுவில் ஏதோ அலறல் கேட்டது. பாட்டு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன். தொடர்பு கிடைக்கவில்லை. டிவியைப் போட்டேன். நெரிசல், நெரிசல் என்று எந்த ஊரையோ காட்டினார்கள். எந்த ஊர் என்று படிக்கக் கண் நிற்கவில்லை. கணவர் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. வேறு ஒரு பெண்ணின் போனிலிருந்து அவள் பேசியபோது, "சார்ஜ் போயிடுச்சும்மா, அதுக்கா இப்பிடி?" என்று சிரித்தாள். அலறல் பற்றிக் கேட்டேன். பிடித்த இடம் வந்ததும் எல்லோரும் கத்தினார்களாம். நான் இன்னும் சரியாகவில்லை. எழுதும்போதுகூட போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அன்று கொட்டகைக்கு அடுத்து வந்தவர் அத்தா. ரோட்டுப் பக்கத்திலிருந்து அளத்துக்குள் தேடிக்கொண்டிருந்தவர், பாட்டு நின்றதும் பனியைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தார். வேட்டியெல்லாம் சேறு. பின்னாலேயே மாமா. மூச்சு வாங்க நின்று என்னைப் பார்த்தார். உச்சந்தலையில் கையை வைத்து அழுத்தினார், நான் தரையில்தான் நிற்கிறேனா என்று சோதிப்பதுபோல. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"புள்ளதான் வந்துடுச்சே பாய்..."

"அவ உள்ள இருக்குறா! எம் பொண்டாட்டி உள்ள இருக்குறா! வாசிங்க, வாசிங்க!"

ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. டிரம் அடிக்கிறவர், "நான் போய்ப் பாக்குறேன் பாய், எனக்கு அளத்து வரப்பு பழக்கந்தான்," என்று பனிக்குள் இறங்கிவிட்டார். மாமாவும் அவர் பின்னால் ஓடினார். மாஸ்டர் கிளாரினெட்டை எடுத்தார். அவர் உதடு வெடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஊதல் எழும்பியது. ஆனால் டிரம் இல்லை. டிரம் இல்லாமல் அது எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது என்பது அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வாயைத் திறப்பதற்குள் அத்தா குனிந்து, கீழே கிடந்த கோலை எடுத்தார்.

எங்கள் பள்ளிவாசலில் நகரா என்று ஒரு பெரிய முரசு உண்டு. பாங்குக்கு முன் அதை அடிப்பார்கள். மோதினாருக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் அத்தா அடிப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே அடி அதுதான். சினிமாப் பாட்டுக்கு அடியில் நகராவைப் போட்டார். மாஸ்டர் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு, தன் வேகத்தைக் குறைத்து அவரோடு சேர்ந்துகொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நல்ல பாட்டை அத்தா கெடுக்கிறாரே என்றிருந்தது. அவர் கன்னத்தில் வழிந்தது பனி என்று நினைத்தேன்.

பகலில் நிக்காஹ் நடந்தது. காலையில் ஊர் முழுக்கக் கேட்ட பேண்டைப் பற்றி ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் ஹஜ்ரத்திடம் எடுத்துச் சொன்னாராம். "கல்யாணத்துக்கு வாசிச்சாங்களா?" என்று கேட்டிருக்கிறார் ஹஜ்ரத். இல்லை என்றார்களாம். "அப்புறம் என்ன, வாங்க, நேரமாவுது," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பேண்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் சாயங்காலப் பஸ்ஸில் போனார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு.

அத்தா அடித்துக்கொண்டே இருந்தார். பாட்டு எத்தனை முறை திரும்பியது என்று தெரியாது. நான் பனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு இடம் கறுத்தது. கறுப்பு ஆளாயிற்று. டிரம்காரர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால், மாமா கையைப் பிடிக்க வந்ததை உதறிக்கொண்டு, அம்மா. மார்பு வரை சேறு. தலையில் முக்காடு இல்லை. காலில் எங்கோ கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கையில் இன்னும் அந்தச் சிவப்புத் துணி.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. திட்டவில்லை. என்னைத் தாண்டி நேராகப் போய் மாஸ்டரின் கோட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். கிளாரினெட் அவர் வாயிலிருந்து விழுந்தது. அத்தா, மாமா, ஆறேழு அந்நிய ஆண்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தக் கோட்டைப் பிடித்து உலுக்கினாள். அவள் அன்று கேட்டதைக் கேட்டு, அம்மாவுக்கும் என்னைப் போலவே அந்தப் பாட்டு பிடித்துப்போய்விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"நடுவுல ஏன்யா நிறுத்துனீங்க?" என்றாள். "ஏன் நிறுத்துனீங்க?"